புலர்சாந்து முதல் வாசனைத் திரவியம் வரை: தோலின்மேல் மணம் தங்கும் முறையும் சென்னைத் தென்புறநகரும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழரின் நறுமணப் பயன்பாடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருட்பட்டியல்களாகவே அமைந்துள்ளன. எப்பொருள் மணந்தது என்பதைக் கூறும் அவை, அது உடலின்மேல் எவ்வளவு நேரம், எவ்வாறு மாறி மணந்தது என்பதை ஆராய்வதில்லை. சங்கப் பாடல்களில் வரும் ‘புலர்சாந்து’ என்னும் வழக்கு இக்காலக்கூற்றைச் சுட்டுவது. அவ்வழக்கைக் கருவியாகக் கொண்டு, சாந்து, பொடி, சாராயக் கரைசல் ஆகிய மூன்று ஊடகங்களில் மணம் தோலின்மேல் தங்கும் முறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் தொடர்வண்டித் தடமும் அதனை அடுத்த பெருங்களத்தூரும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புலர்சாந்து, சுண்ணம், சவ்வாது, முகப்பொடி, மல்லிகை, வாசனைத் திரவியம், பெருங்களத்தூர்.

முன்னுரை

பெருங்களத்தூர் தொடர்வண்டி நிலையத்தில் காலை வேளையில் நிற்போரிடம் குறைந்தது மூன்று வகை மணங்களை அறியலாம். ஒன்று தலையில் சூடிய பூவின் மணம். மற்றொன்று கழுத்திலும் முகத்திலும் பூசிய பொடியின் மணம். மூன்றாவது, ஆடையின்மேலும் மணிக்கட்டிலும் தெளித்த திரவியத்தின் மணம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், தென்மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகள் சென்னைக்குள் நுழையும் வாயிலாக நெடுங்காலம் விளங்கியது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பின்னரும் அத்தன்மை முற்றிலும் மாறிவிடவில்லை. ஒரே நடைமேடையில் நிற்கும் இம்மூன்று மணங்களும் ஒரே காலத்துக்குரியன அல்ல. அவை மூன்று வேறு வரலாறுகளிலிருந்து வந்து சேர்ந்தவை.

இவற்றுள் மூன்றாவதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. மேலை நாட்டு ஆடை வடிவமைப்பு நிறுவனங்கள் தம் பெயரில் வெளியிடும் வாசனைத் திரவியங்களுள் ‘பழமும் பூவும்’ என்று வகைப்படுத்தப்படுவன இன்று பரவலாக விற்கின்றன. 1999இல் டியோர் நிறுவனம் வெளியிட்ட ‘ஜடோர்’ இவ்வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. காலிஸ் பெக்கர் என்னும் மணவல்லுநர் உருவாக்கிய அது, பேரிக்காய், முலாம்பழம், பீச் ஆகியவற்றின் சாயலோடு தொடங்கி, மல்லிகையும் ரோசாவும் கலந்த நடுப்பகுதியைக் கடந்து, கஸ்தூரிச் சாயலில் அடங்குவது. இத்தகைய திரவியம் சென்னையின் தென்புறநகரில், வியர்வை படிந்த தோலின்மேல் என்னவாகிறது என்னும் வினா அற்பமானதாகத் தோன்றலாம். எனினும் அதற்கு விடை காண முயலும்போது, தமிழ் இலக்கியச் சான்றுகளை இதுவரை நாம் படித்துவந்த முறையில் உள்ள ஒரு விடுபாடு வெளிப்படுகிறது.

பட்டியலும் அதன் எல்லையும்

நறுமணம் பற்றி எழுதும் எவரும் முதலில் நாடுவது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. ஊடியிருந்த கோவலனோடு கடலாடச் செல்லுமுன் மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை ஆட்டியதை இளங்கோவடிகள் கூறுகிறார். அடியார்க்குநல்லார் உரை அப்பொருள்களைப் பெயர் பெயராக எடுத்துரைப்பதால், அவ்வுரை ஒரு களஞ்சியமாகவே மதிக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இறைவனின் திருமஞ்சன நீரை மணப்பிக்க ஏலவரிசி, செண்பகமொட்டு, இலாமச்சம் ஆகியவற்றுக்கு நிவந்தம் அளித்ததைப் பதிவு செய்கின்றன. இலக்கியமும் கல்வெட்டும் இவ்வாறு பெயர்களை அள்ளித் தருவதால், ஆய்வும் பெயர்களைத் தொகுப்பதோடு நின்றுவிடுகிறது. ‘அன்றே நம்மிடம் இத்தனை வகை மணப்பொருள்கள் இருந்தன’ என்னும் பெருமிதக் கூற்று அத்தொகுப்பின் வழக்கமான முடிவாகிவிட்டது.

ஆனால் மாதவியின் நீராட்டைக் கூர்ந்து நோக்கினால், அங்கே மணமூட்டப்படுவது தோல் அன்று, கூந்தல். நீரில் ஆட்டிய கூந்தல் அகிற்புகையில் உலர்த்தப்பட்டு, பின்னர் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. கூந்தல் புகையைப் பற்றிக்கொண்டு மெல்ல விடுவது. தோலோ வெப்பமும் ஈரமும் எண்ணெய்ப்பசையும் உடையது. ஆகவே அதன்மேல் இட்ட மணம் வேறு விதியைப் பின்பற்றும். கூந்தலுக்குரியது எது, மெய்க்குரியது எது என்னும் பாகுபாட்டைப் பழம்புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். பட்டியலிடும் ஆய்வு அப்பாகுபாட்டை அழித்துவிடுகிறது. வடமொழி நறுமண நூல்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்ஹியூ 2012இல் வெளியிட்ட நூலில் மணம், சமயம், பண்பாடு ஆகியவற்றின் உறவை விரிவாக எடுத்துரைத்துள்ளார். தமிழ்ச் சான்றுகளுக்கு அத்தகைய முழுமையான ஆய்வு இன்னும் தேவைப்படுகிறது.

புலர்தல்

புறநானூற்றின் 3ஆம் பாடலில் இரும்பிடர்த்தலையார், பாண்டியன் கருங்கை ஒள்வாள் பெரும்பெயர் வழுதியின் அகன்ற மார்பைப் புலர்ந்த சாந்தினை உடையதாகக் குறிக்கிறார். இதனை உரையாசிரியர்கள் ‘பூசி உலர்ந்த சந்தனம்’ என விளக்கிச் செல்வர். பொருள் சரியே. ஆயினும் புலவர் ஏன் பூசிய சாந்து என்னாது புலர்ந்த சாந்து என்றார் என்பது சிந்தித்தற்குரியது. ஈரமான சந்தனக் குழம்பு முதலில் தருவது தண்மை. அதன் நீர்ப்பகுதி உடல் வெப்பத்தால் ஆவியாகி, குழம்பு தோலோடு படிந்து உலர்ந்த பின்னரே சந்தனத்தின் ஆழ்ந்த மணம் தனித்து நிலைபெறும். அம்மணத்துக்குக் காரணமான சாண்டலால் சேர்மங்கள் எளிதில் ஆவியாகாதவை. ஆகவே புலர்ந்த நிலை என்பது மணம் தீர்ந்த நிலை அன்று; அதுவே மணத்தின் முதிர்ந்த நிலை. அரசனின் மார்பு அந்நிலையிலேயே புகழப்படுகிறது.

இக்காலத்து மணவல்லுநர் ஒரு திரவியத்தைத் தோலில் இட்டபின் முதலில் எழுவது, நடுவில் நிற்பது, இறுதியில் எஞ்சுவது என மூன்று கட்டங்களாகப் பிரிப்பர். அவ்விறுதிக் கட்டத்துக்குத் தமிழில் கலைச்சொல் தேடுவோர்க்குப் ‘புலர்தல்’ என்பது ஆயத்தமாக இருக்கிறது. இது சொல்லாக்க வசதிக்காகக் கூறப்படுவது அன்று. மணத்தைக் காலத்தில் விரியும் ஒன்றாகக் கண்ட பார்வை அச்சொல்லில் பதிந்துள்ளது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

நெடுநல்வாடை இப்பார்வையை இன்னும் தெளிவாக்குகிறது. கூதிர்க் காலம் வந்தபோது, வடவர் தந்த வட்டக்கல்லும் தென்திசைச் சந்தனமும் பயன்படாது கிடந்தன என்கிறார் நக்கீரர். மகளிர் கோதை புனைதலை விடுத்துச் சில மலர்களையே கூந்தலில் பெய்துகொண்டனர். அகிலும் அயிரும் இட்டுப் புகைத்தனர். மூன்று மாற்றங்கள் இங்கே ஒருசேர நிகழ்கின்றன. மெய்ப்பூச்சு நிற்கிறது, பூ குறைகிறது, புகை மிகுகிறது. குளிரில் சந்தனக் குழம்பு எளிதில் புலராது. புலராத சாந்து உடலை நடுக்குவதன்றி மணப்பதும் குறைவு. பருவம் மாறினால் மணத்தின் ஊடகமும் மாறவேண்டும் என்னும் நடைமுறை அறிவு, வருணனை என்னும் பெயரில் அங்கே பொதிந்து கிடக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே புட்டியைத் தெளிக்கும் இன்றைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடுவார் நக்கீரரையே நுட்பமானவராகக் கொள்வர்.

காற்றில் சோதித்தலும் தாளில் சோதித்தலும்

சாந்துக்கு அடுத்துப் பொடி. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்தது என மாறுபட்டு, தோற்றவர் நீராடுவதில்லை எனச் சூளுரைக்கின்றனர். நடுவனாக அமைந்த சீவகன் இரு சுண்ணங்களையும் மேலே தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை மொய்த்தன. இரு மணப்பொருள்களை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறும் நிகழ்ச்சி ஒரு காப்பியத்தின் திருப்பமாக அமைந்திருப்பது வியப்பிற்குரியது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை நடந்தது காற்றில். மெய்யில் பூசிக்கொள்ளும் சுண்ணத்தை மெய்யில் வைத்து எவரும் பார்க்கவில்லை.

இதே குறை இருபதாம் நூற்றாண்டின் அறிவியலிலும் காணப்படுகிறது. வில்லியம் பவுச்சர் என்னும் ஆங்கிலேய மணவல்லுநர் 1955இல் மணப்பொருள்களை ஆவியாகும் வேகத்துக்கேற்ப 1 முதல் 100 வரை எண்ணிட்டு வகைப்படுத்தினார். 1 முதல் 14 வரை முன்மணம், 15 முதல் 60 வரை இடைமணம், 61 முதல் 100 வரை அடிமணம். முப்பகுப்பு இன்றளவும் மணக்கலையின் பாலபாடமாக உள்ளது. பவுச்சர் மணங்களை மதிப்பிட்டது முகர்தாள்களில். தாள் வியர்க்காது, அதற்கு எண்ணெய்ப்பசை இல்லை, சித்திரை மாதத்து நடைமேடையில் அது நிற்பதும் இல்லை. புட்டியின் அட்டையில் அச்சிடப்படும் முன்மணம், இடைமணம் என்னும் வரிசை ஒரு மிதவெப்ப நாட்டுக்குரிய கால அட்டவணை என்று கொள்வதே பொருந்தும்.

பல்லாவரத்துப் பொடி

தாம்பரம் தடத்தின் வரலாற்றில் பொடிக்கு ஒரு தனியிடம் உண்டு. கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மின்தொடர்வண்டிச் சேவை 1931இல் தொடங்கியது. அத்தடத்தில், பெருங்களத்தூரிலிருந்து வடக்கே நான்காவது நிலையமாகிய பல்லாவரத்தில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்தது. 1947 முதல் இந்தியாவில் இயங்கிய அந்நிறுவனம், அதன் அமெரிக்கத் தாய்நிறுவனம் 1986இல் யூனிலீவரின் கைக்குச் சென்றபின், 1998இல் இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது. நிறுவனத்தின் தனிப்பெயர் மறைந்தாலும், பெருவழிச்சாலையில் ‘பாண்ட்ஸ்’ என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராக நிலைத்துவிட்டது. நறுமணப் பொடியின் பெயரால் ஓர் இடம் அறியப்படுவது தமிழகத்தில் அரிதான செய்தி.

‘ட்ரீம்ஃபிளவர்’ என்னும் பெயரில் விற்ற அப்பொடி பூமணம் உடையது. டால்க் என்னும் கனிமத்தின் தட்டையான துகள்களில் மணநெய் படிந்திருக்கும். தோலில் பூசியபின் அது சிறிது சிறிதாக வெளிப்படும். பொடி ஈரத்தைத் தணித்து வழவழப்பைத் தருவதால், வியர்வை மிகும் கடற்கரை ஊர்களில் இருமடங்கு பயன் தந்தது. இப்பொடியின் தனித்தன்மை, அதற்குப் புலர்தல் இல்லை என்பதே. சாந்தைப் போல நிலைமாறி முதிர்வதில்லை. காலையில் என்ன மணமோ, குன்றிய அளவில் மாலையிலும் அதுவே. பள்ளி, அலுவலகம், தொடர்வண்டி எனக் கடிகாரத்தோடு ஓடிய புறநகர் வாழ்க்கைக்கு மாறாத மணமே உகந்ததாயிற்று எனலாம். சிலப்பதிகாரத்துக்கும் சிந்தாமணிக்கும் சுண்ணம் செல்வர்க்குரிய பொருள். தகர டப்பாவில் அடைத்த முகப்பொடி அதனை எளியோர்க்கும் உரியதாக்கியது. நம் நறுமண வரலாற்று நூல்கள் அகிலுக்கும் ஆரத்துக்கும் அளிக்கும் பக்கங்களுள் ஒன்றையேனும் இதற்கு அளித்திருக்கலாம்.

பொடிக்கும் சாந்துக்கும் இடைப்பட்டது சவ்வாது. புனுகுப்பூனையின் சுரப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தொடர்புடைய இப்பெயர், புழுகோடு சேர்த்துத் திருப்புகழில் பலவிடத்தும் ஆளப்பட்டுள்ளது. கடல்வணிகம் தந்த சொல் தமிழ்ப் பாடலுக்குள் இயல்பாகக் குடியேறிவிட்டது. இன்று கடைகளில் பொடியாகக் கிடைக்கும் சவ்வாதைச் சிறிது நீரில் குழைத்துக் காதின் பின்புறமும் கழுத்திலும் இடுவது வழக்கம். பொடியை மீண்டும் சாந்தாக்கும் அச்செயல், பழைய புலர்தலைச் சிறு அளவில் மீட்டெடுப்பதாகும்.

சாராயமும் சட்டமும்

மேலைநாட்டு வாசனைத் திரவியத்தின் ஊடகம் எத்தில் ஆல்கஹால். இது தமிழகத்தில் ஒரு தனிச் சிக்கலைத் தோற்றுவித்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது; 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1955இல் நடுவணரசு இயற்றிய மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள்கள் ஆயத்தீர்வைச் சட்டம், ஆல்கஹால் கலந்த பூச்சுப் பொருள்களின் உற்பத்தியை உரிமத்துக்கும் தீர்வைக்கும் உட்படுத்தியது. அதே ஆண்டில், சாராயம் கலந்த தயாரிப்புகள் மாநிலம் விட்டு மாநிலம் செல்வதைக் கட்டுப்படுத்தவும் தனிச் சட்டம் வந்தது. மணப்பதற்கான நீர்மமும் குடிப்பதற்கான நீர்மமும் சட்டத்தின் பார்வையில் அண்டை வீட்டாராக இருந்தன. டால்க் பொடிக்கு இத்தடை எதுவும் இல்லை. பொடி பரவிய வேகத்தையும் ‘சென்ட்’ அரும்பொருளாகவே நின்றதையும் விளக்க, மக்களின் சுவையை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அச்சுவையை உருவாக்கியதில் பங்கு கொண்டன என்பதே ஏற்புடையது.

தடை இருந்த இடத்தில் வேறு வழி திறந்தது. பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோர்க்காக 1969இல் உருவான பர்மா பஜார், கடற்கரை நிலையத்தின் அருகில் அமைந்தது. வெளிநாட்டுச் சென்ட் புட்டிகள் அங்கே கிடைத்தன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணிசெய்தோர் விடுமுறைக்கு வரும்போதும் கொண்டுவந்தனர். தாம்பரம் தடத்தின் ஒரு முனையில் சென்ட், இடையில் பல்லாவரத்துப் பொடி, தென்முனைக்கு அப்பால் பூந்தோட்டங்கள் என்னும் அமைப்பு தற்செயலாக நேர்ந்ததே. ஆயினும் மூன்று ஊடகங்களின் வரலாற்றை ஒரே பயணச்சீட்டில் கண்டுவிடலாம். 1991க்குப் பிந்தைய தாராளமயம் இறக்குமதியை எளிதாக்கியபின், அரும்பொருளாக இருந்த புட்டி கடைத்தெருவுக்கு வந்தது.

பழம் என்னும் புதுமை

இப்போது முதல் வினாவுக்குத் திரும்பலாம். பூமணம் தமிழர்க்குப் புதிதன்று. பழமணம் புதிது. அடியார்க்குநல்லார் தரும் பட்டியலில் கடுக்காயும் நெல்லியும் தான்றியும் உள்ளன. ஆனால் அவை துவர்ப்புக்காகச் சேர்க்கப்பட்டவை. கனிந்த மாவும் பலாவும் சங்கப் பாடல்களில் மணப்பினும், அவற்றை எவரும் மெய்யில் பூசவில்லை. இதற்குக் காரணம் தொழில்நுட்பம். எலுமிச்சை இனம் நீங்கலாக, சாறுள்ள பழங்களின் மணத்தை வடித்தெடுத்தல் எளிதன்று. பீச், பேரிக்காய் முதலியவற்றின் மணம் இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவதே. பீச் மணம் தரும் லாக்டோன் என்னும் சேர்மத்தைக் கெர்லேன் நிறுவனம் 1919இல் வெளியிட்ட ‘மிட்சூகோ’வில் பயன்படுத்தியது புகழ்பெற்றது. தமிழகத்தில் செயற்கைப் பழமணம் தோலை அடையுமுன் நாவை அடைந்துவிட்டது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நிறுவனங்களின் ‘கலர்’ புட்டிகள் அதற்குச் சான்று. பழமணத் திரவியம் இங்குப் பலருக்கு ‘இனிப்பாக’ மணப்பது இந்த முன்பழக்கத்தால் எனக் கருத இடமுண்டு.

சாராயக் கரைசல் தோலில் பட்டவுடன் ஆல்கஹால் சில நொடிகளில் பறந்துவிடுகிறது. கூடவே எளிதில் ஆவியாகும் பழ எஸ்டர்களும் எழுகின்றன. வெப்பம் மிகுந்தால் ஆவியாதல் விரைவுபடும். ஆகவே பெருங்களத்தூரின் கோடைக் காலையில் பேரிக்காய்ச் சாயல் வீட்டு வாயிலைத் தாண்டுவதே அரிது. வண்டி வருவதற்குள் அது தீர்ந்திருக்கும். லாக்டோன்கள் அடுத்தும் நிற்பதால் பீச் சாயல் பூவோடு கலந்து தொடர்கிறது. மல்லிகைப் பகுதியிலும் பென்சைல் அசிடேட் முன்னதாக எழுந்து நீங்க, இண்டோல் முதலிய கனத்த சேர்மங்கள் பின்தங்குகின்றன. புதிய வியர்வையோடு சேரும்போது அவை சிலருக்கு உயிர்ப்பாகவும் சிலருக்கு நெடியாகவும் தோன்றும். எண்ணெய்ப்பசையுள்ள தோலில் மணம் நெடிது நிற்கும். வறண்ட தோலில் விரைவில் குன்றும். இறுதியில் எஞ்சுவது கஸ்தூரிச் சாயல். அரசனின் மார்பில் சாந்து புலர்ந்தபோது கிடைத்த நிறைவு இங்கும் உண்டு. ஆனால் அதனை அடையும் வழி வெகு விரைவானது. நிறுவனம் விளம்பரப்படுத்துவது முன்மணத்தை; புறநகர்ப் பயணி நாள் முழுவதும் அணிந்திருப்பதோ அடிமணத்தை.

மொட்டின் காலம்

இத்தகைய திரவியங்களில் சேரும் மல்லிகையின் ஒரு பகுதி தமிழகத்திலிருந்தே செல்கிறது. கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் விளையும் குண்டுமல்லியும் பிச்சியும் ஆலைகளில் ஹெக்சேன் கரைப்பானால் சாறெடுக்கப்பட்டு ‘கான்கிரீட்’ என்னும் மெழுகாகவும், பின்னர் ஆல்கஹாலால் கழுவப்பட்டு ‘அப்சல்யூட்’ என்னும் சத்தாகவும் மாற்றப்பட்டு, பிரான்சு முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ஏறத்தாழ 1,000 கிலோ பூவிலிருந்து இரண்டு மூன்று கிலோ மெழுகே கிடைக்கும். அதிலும் பாதியளவே சத்து. குண்டுமல்லியில் உள்ள மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சையை நினைவூட்டும் மணமுடையது. பழமும் பூவும் எனப் பிரித்துப் பேசப்படும் இரண்டும் அம்மொட்டுக்குள் ஓரளவு சேர்ந்தே இருக்கின்றன.

ஆயினும் கூந்தலில் சூடிய மல்லிகைக்கும் தோலில் தெளித்த மல்லிகைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இருப்பது காலத்தின் திசையில். மாலையில் தொடுத்த மொட்டு இரவில் மலர்கிறது. சூடியபின் மணம் ஏறிக்கொண்டே போகிறது. தெளித்த திரவியம் முதல் நொடியில் உச்சத்தில் நின்று, பின்னர் இறங்கிக்கொண்டே போகிறது. தமிழ்ப் பெண்கள் பூவை மொட்டாகவே வாங்குவதற்கும், விரிந்த பூவை விலைகுறைத்துக் கேட்பதற்கும் காரணம் இதுவே. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மதிப்பும், மொட்டு நெடுநேரம் விரியாதிருக்கும் தன்மையைப் பெரிதும் சார்ந்தது.

ஆலையும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதே. காலையில் பறித்துவந்த குண்டுமல்லி மொட்டுகளை உடனே கரைப்பானில் இடுவதில்லை. இரவு வரை பரப்பி வைத்து, அவை விரிந்து மணம் முதிரும் வேளையிலேயே சாறெடுப்பர். எந்த மொட்டு ஆலைக்குச் செல்லும், எது சரமாகும் என்பதைச் சந்தை விலை தீர்மானிக்கிறது. முகூர்த்த நாள்களிலும் பண்டிகைக் காலத்திலும் விலை ஏறும்போது பூ கூந்தலுக்கும் மாலைக்கும் செல்கிறது. கோடை வரத்து மிகுந்து விலை சரியும்போது உழவர்கள் ஆலையை நாடுகின்றனர். விலை ஏறிய நாளில் மொட்டுகள் கூடைகளில் ஏறி வடக்கே பயணப்படுகின்றன. அன்று மாலை பெருங்களத்தூரில் முழக்கணக்கில் விற்கப்பட்டு, அவ்வூர்ப் பெண்களின் கூந்தலில் இரவு விரிகின்றன. விலை சரிந்த நாளில் அதே தோட்டத்து மொட்டுகள் ஆலையின் தளத்தில், எவர் தலையிலும் ஏறாமல், அதே இரவு வேளையில் விரிகின்றன.